முள் வைத்த காடும் ஏழு பெயர்களும்

1

கேக் கடைக்காரி நான் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதெல்லாம் பெயர்களா?" என்று கேட்டாள்.

பெயர்கள்தான். செல்வராணி, முத்துலட்சுமி, பாண்டிச்செல்வி, நாகஜோதி, காளீஸ்வரி, ராமுத்தாய், சுப்புலட்சுமி. ஏழு பெயர்களையும் அவளுக்குப் புரிகிற எழுத்தில் பெரிதாக எழுதியிருந்தேன். கேக்கில் இடம் பத்தாது, முதலெழுத்துகளை மட்டும் போடட்டுமா என்றாள்.

"வேண்டாம். கேக்கைப் பெரிதாக்குங்கள்" என்றேன். பதினான்கு வருடத்தில் அந்தக் கடையில் நான் இத்தனை அதிகாரமாகப் பேசியதில்லை. அவள் குறித்துக்கொண்டாள்.

நெதர்லாந்துக்கு நான் வந்து நேற்றோடு பதினான்கு வருடம் ஆயிற்று. இங்கே ஒருவருக்கு விசேஷம் என்றால் அவரேதான் அலுவலகத்துக்குக் கேக் வாங்கிக்கொண்டு போக வேண்டும். இது தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என் பிறந்தநாளன்று யாராவது கொண்டு வருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். மறுநாள் ஒருவர், "நேற்று நீங்கள் கேக்கே கொண்டு வரவில்லையே" என்று மனத்தாங்கலாகச் சொன்னார். அன்றிலிருந்து வருடம் தவறாமல் சுமக்கிறேன். ஆனால் கேக்கில் பெயர் எழுதச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பட்டியலில் முதல் பெயருக்கு உரியவள் அப்போது என் பக்கத்தில்தான் நின்றாள். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பண்டங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து அவள் இங்கே எப்படி வந்து நின்றாள் என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

2

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், பஸ் நின்றாலும் நிற்கும் நிற்காவிட்டாலும் கேட்க ஆளில்லாத ஒரு சின்ன ஊர் எனக்கு. அப்பா கருப்பையா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிறகு நூல் மில்லில் சேர்ந்தார். அம்மா கடைசி வரை காட்டு வேலைதான். எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம். மரமும் மிருகமும் இருக்கிற காட்டை நாங்கள் படத்தில்தான் பார்த்தோம்.

கல்யாணமாகி இங்கே வந்து இறங்கியபோது எனக்குக் கொடுத்த அட்டையில் 'கணவரைச் சார்ந்து வாழ்பவர்' என்று அச்சடித்திருந்தது. எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள் அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வருடம் காய்கறி வாங்கினேன். பிறகு டச்சு படித்து, இன்னொரு பட்டம் வாங்கி, ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் தரவு அறிவியல் வேலையில் சேர்ந்தேன். மலைமலையாகக் குவிந்து கிடக்கிற படங்களிலிருந்தும் எண்களிலிருந்தும் கணினியைப் படிக்க வைத்து, அது சொல்வதை நம்பலாமா கூடாதா என்று பார்க்கிற வேலை. எங்கள் குழுவில் பதினொரு பேர். பெண்கள் இரண்டு பேர்.

சேர்ந்த அன்று படிவத்தில் குடும்பப்பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அதிலிருந்து கதவுப் பலகையில், மின்னஞ்சலில், அறிக்கைகளில் எல்லாம் நான் கருப்பையா. "கருப்பையா இன்று விடுப்பு" என்று யாராவது சொன்னால், அப்பா மில்லுக்குப் போகாமல் வீட்டில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். திருத்தலாம் என்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனால் பிறப்புச் சான்றிதழில் ஆரம்பித்து ஒன்பது காகிதம் கேட்டார்கள். விட்டுவிட்டேன்.

விட்டுவிடுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். யாரும் தலை ஆட்டவில்லை. பத்து நிமிடம் கழித்து அதையே பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார். அருமை என்றார்கள். அறிக்கையில் அவர் பெயரோடு வந்தது. ஆனாலும் அவருடைய பாராட்டு விழாவுக்கு அவர் கொண்டு வந்த கேக்கில் ஒரு துண்டு வாங்கித் தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் கோபம் வருகிறது.

என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பதில் டச்சில் வரும். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஒருவருடைய வேலையிடத்துக்கு ஒரு நாள் போய்வரச் சொன்னபோது அப்பாவோடு போனாள். அவர் பாலம் கட்டுகிற கம்பெனியில் இருக்கிறார். ஏன் என்னோடு வரவில்லை என்று கேட்டேன். "அம்மா, நீ படம் பாக்குற வேலைதானே" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நல்ல தமிழில் சொன்னாள்.

3

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக் காடுகளை ட்ரோன் எடுத்த படங்கள் எங்களிடம் இருந்தன. எந்தக் காடு விதைத்தது, எது வெற்றுநிலம், எதில் கருவேலம் மண்டியிருக்கிறது என்று ஒவ்வொரு படத்திலும் ஆட்கள் பார்த்துக் குறிக்க வேண்டும். அவர்கள் குறித்ததை வைத்துத்தான் கணினி கற்றுக்கொள்ளும். அதிலிருந்து வருகிற வரைபடத்தில் ஒரு காடு வெற்றுநிலம் என்று பதிவாகிவிட்டால், மழை பொய்த்துப் பயிர் போனாலும் அங்கே விதைத்த ஆள் ஒருத்தர் இருந்தார் என்பதே மேலிடத்துக்குத் தெரியாது.

குறிக்கிற வேலையை ஊர் ஊராகச் சின்னச் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தோம். அதில் ஒரு குழு அருப்புக்கோட்டையில், பந்தல்குடி ரோட்டில் ஒரு சிமெண்டுக் கடையின் மாடியில் இயங்கியது. ஏழு பெண்கள். எனக்கு அவர்கள் ஏழு எண்கள், அவ்வளவுதான்.

எச்சரிக்கையில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, ஏழு பேரும் தினமும் நிமிடம் பிசகாமல் ஒரே நேரத்தில் வேலையை முடிக்கிறார்கள், ஒருவர் கணக்குக்குள் இன்னொருவர் புகுந்து குறிக்கிறார், ஆகவே மோசடி. இரண்டு, நாங்கள் முன்னாலேயே தயாரித்து வைத்திருந்த சரியான விடைகளோடு இவர்களுடைய விடைகள் பல இடங்களில் பொருந்தவில்லை, ஆகவே திறமைக்குறைவு. பரிந்துரை: குழுவை நீக்கவும், அவர்கள் குறித்த அனைத்தையும் அழிக்கவும்.

என் மேலாளர் மார்த்தென் நல்ல மனிதர். "கருப்பையா, ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், முடித்துவிடலாம்" என்றார்.

போட்டிருப்பேன். முடிக்கிற நேரத்தை மட்டும் பார்க்காமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன். இந்திய நேரம் நான்கு பத்து. திங்களும் நான்கு பத்து, வெள்ளியும் நான்கு பத்து. நான் கல்லூரியில் படித்தபோது நான்கு இருபதுக்கு ஒரு திருச்சுழி பஸ் உண்டு. அதை விட்டால் அடுத்ததில் ஏற முடியாது, படியில்தான் தொங்க வேண்டும். மோசடிக்காரர்கள் யாராவது பஸ் நேரத்துக்கு மோசடி செய்வார்களா?

குறிப்பு எழுதுகிற கட்டத்தில் ஒருத்தி தமிழில் ஏதோ எழுதியிருந்தாள். இயந்திரம் அதை மொழிபெயர்த்து, 'இந்த வனம் நட்டு முடிக்கப்பட்ட வனம்' என்று காட்டியது. எந்த வனம் என்று மார்த்தென் கேட்டார். மூலத்தைத் திறந்தேன். 'இது வெறுங்காடு இல்ல, விதைச்ச காடு' என்று இருந்தது. அம்மாவின் குரலே கேட்ட மாதிரி இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

4

காணொளியில் வந்தவள் செல்வராணி. வயது முப்பத்துநான்கு, குழுவுக்குப் பொறுப்பு. அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போனவர்கள். இவள் அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கருப்பையா என்ற பெயரைப் பார்த்து ஆம்பளை ஆபீசர் என்று நினைத்திருப்பாள் போல. திரையில் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தாள். பிறகு, "வணக்கம் மேடம். எங்கள் மீது ஏதேனும் தவறு இருப்பின் மன்னிக்கவும்" என்று செய்தி வாசிக்கிற தமிழில் ஆரம்பித்தாள்.

"நாலு இருவது பஸ்ஸு இன்னும் ஓடுதா?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "மேடம் எந்த ஊரு?"

சொன்னேன். பின்னாலிருந்து, "நம்ம ரோட்டுக்காரவுகளாம்ல" என்று யாரோ கிசுகிசுத்தது கேட்டது. மேடம் அந்த நிமிடத்தோடு அக்காவாகிவிட்டது.

"ஒருத்தி கணக்குல இன்னொருத்தி குறிச்சீகளா?" என்றேன்.

"குறிச்சோம்" என்றாள். மறைக்கவில்லை. "முத்துலட்சுமி மகனுக்குக் காய்ச்சல். நாலு நாளு இவ பாதிப் படத்தோட நின்னுட்டா. மிச்சத்த நாங்க முடிச்சுக் குடுத்தோம். களையெடுக்கையில நெரையில ஒருத்தி பின்தங்கிட்டா, பக்கத்து நெரைக்காரி எடுத்துக் குடுக்க மாட்டாளா? எல்லாரும் ஒண்ணாத்தானக்கா கரை ஏறணும்."

எனக்கு நிரை கண்ணில் தெரிந்தது. வெயிலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஆளுக்கு ஒரு நிரை பிடித்துக் களை வெட்டிக்கொண்டே போவார்கள். வேகமாக முடித்தவள் சும்மா நிற்க மாட்டாள். எதிர்ப்பக்கமிருந்து வந்து, பின்தங்கியவளின் நிரையில் கை வைப்பாள். என் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்திருந்த வருடம் முழுக்க அப்படித்தான் அவளுக்குக் கூலி கிடைத்தது. இங்கே அதன் பெயர் மோசடி.

ஆனால் விதி விதிதான். "களைய யாரு வெட்டுனாலும் களை போயிரும். இது அப்படி இல்ல" என்றேன். "ஒரே படத்த மூணு பேரு தனித்தனியா பாக்கணும். மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒண்ணாச் சொன்னாத்தான் அது நெசம்னு நம்புவோம். நீ அவ கணக்குலயும் குறிச்சா ஒரே ஆளு ரெண்டு சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும்."

செல்வராணி, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "விதிமுறைன்னு எட்டுப் பக்கம் இங்கிலீஷ்ல அனுப்புனீக. எழுத்துக்கூட்டிப் படிச்சோம். எதுக்குன்னு அதுல ஒரு வரி இல்லையேக்கா."

அந்த எட்டுப் பக்கத்தில் இரண்டு பக்கம் நான் எழுதியது.

5

புதிதாக நாற்பது படங்கள் அனுப்பினேன். அந்த வாரம்தான் எடுத்தவை. அவற்றுக்கும் சரியான விடைகளை எழுதிய விடைத்தாள் எங்களிடம் தயாராக இருந்தது. ஏழு பேரும் ஏழு இடத்தில் உட்கார வேண்டும், கேமரா ஓட வேண்டும், ஒருத்தரோடு ஒருத்தர் பேசக் கூடாது. மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு நானே உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்றே சொல்லலாம். ஒருத்தியும் திரும்பவில்லை.

முடிவு வந்தது. முப்பத்தொரு படங்களில் ஏழு பேரும் எங்கள் விடையோடு ஒத்துப்போனார்கள். மீதி ஒன்பதில் ஏழு பேரும் தப்பு. ஆனால் ஏழு பேரும் ஒரே தப்பு. நாங்கள் வெற்றுநிலம் என்று வைத்திருந்த ஒன்பதையும், தனித்தனியாக உட்கார்ந்த ஏழு பெண்கள் விதைத்த காடு என்று குறித்திருந்தார்கள்.

உடனே கூப்பிட்டேன். "செல்வராணி, ஒரு புல்லு கூட மொளைக்கல. வெறும் புழுதியா கெடக்கு. எத வச்சு விதைச்சிருக்குன்னு சொல்றீக?"

"மழைக்கு முன்னாடி புழுதியிலதானக்கா விதைப்பாக" என்றாள்.

"அது தெரியும். உழுது போட்டிருக்கிற காட்டுக்கும் விதைச்ச காட்டுக்கும் படத்துல என்ன வித்தியாசம்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "பாதையில முள்ளு வச்சிருக்கே, பாக்கலையா?"

படத்தைப் பெரிதாக்கினேன். வண்டிப்பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தில் கறுப்பாக ஒரு சின்னத் திட்டு. நிழல் என்று நினைத்திருந்தேன். அது கருவேல முள். விதைத்து முடித்த அன்றே ஆடு மாடு உள்ளே போகாமல் இருக்க, முள்ளை வெட்டி இழுத்து வந்து பாதையை அடைப்பார்கள். விதைக்காத காட்டை யாரும் அடைப்பதில்லை. ஒன்பது படத்திலும் அந்தத் திட்டு இருந்தது.

என் இடது பாதத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. எட்டு வயதில், அம்மா கவைக்கம்பால் முள்ளைத் தள்ளிக்கொண்டு போக, பின்னால் தண்ணீர்ச் செம்போடு ஓடியவள் மிதித்தது. முள் வைக்கிற பாதையில் நடந்த கால் எனக்கு இன்னும் இருக்கிறது. பார்க்கிற கண் எங்கேயோ போய்விட்டது.

விடைத்தாளைத் தயாரித்தது யார் என்று தேடினேன். எனக்குத் தெரியும், இருந்தாலும் தேடினேன். கடைசி வரியில் இருந்தது. தயாரித்தவர்: கருப்பையா. வாழ்நாளில் பாதியை அந்தப் புழுதியில் கழித்த மனிதரின் பெயரில் நான் அந்தத் தப்பை எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி யாரும் சொல்லாமலே திருச்சுழி பஸ்ஸைப் பிடித்து, அந்த ஒன்பதில் நான்கு காடுகளுக்குப் போயிருந்தாள். காட்டுக்காரர்களிடம் கேட்டு, புழுதியை விரலால் கிளறிப் படம் எடுத்து அனுப்பினாள். உள்ளங்கையில் சோளம். அடுத்ததில் உளுந்து. மூன்றாவதில் குதிரைவாலி. நான்காவதில் பருத்தி விதை. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'போதுமாக்கா?'

6

புதன்கிழமை கூட்டத்தில் நான்கு உள்ளங்கைகளையும் பெரிய திரையில் போட்டேன். மார்த்தென் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். கணினி இதைக் கற்றுக்கொண்டால் மழைக்கு முன்பே விதைத்த காடுகளைச் சொல்லிவிடலாம், இதுவரை எங்களுக்குப் பயிர் பச்சையான பிறகுதான் தெரியும் என்று அவருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அறையில் ஒரே பரபரப்பு. விடைத்தாளைத் திருத்துவோம், குழுவைத் தொடரச் சொல்வோம் என்றார்கள். பக்கத்து நாற்காலிக்காரர், பழைய அதே ஆள், அறிக்கையின் கடைசியில் படம் குறித்தவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி சேர்த்துவிடலாம், அதுதான் வழக்கம் என்றார்.

"அந்த நன்றி வரியில் என் பெயரைப் போடுங்கள்" என்றேன். "தப்பான விடை எழுதியது நான். சரியான விடையைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் வர வேண்டும். ஏழு பெயரும்."

குறிப்பவர்கள் ஆராய்ச்சியாளர்கள் இல்லையே என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். ஒரு படத்தைப் பார்க்கிறார்கள், யாருக்கும் தெரியாத அடையாளம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள், தனித்தனியாகச் சோதித்தாலும் மாறாத முடிவைச் சொல்கிறார்கள், நேரில் போய் மண்ணைக் கிளறி நிரூபிக்கிறார்கள், இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன். குழுவில் இருந்த இன்னொரு பெண், சாதாரணமாக வாயே திறக்காதவள், "நான் ஒத்துக்கொள்கிறேன்" என்றாள். பிறகு ஒவ்வொரு கையாக மேலே வந்தது. மார்த்தெனின் கையும் வந்தது.

அறிக்கை வெளியானபோது ஏழு பெயர்களும் அதில் இருந்தன. விடைத்தாளுக்கு இனி பொறுப்பு செல்வராணி. கணினி கற்றுக்கொள்ளும் அடையாளங்களில் புதிதாக ஒன்று சேர்ந்தது. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவளையே கேட்டோம். "முள்ளுன்னே வைங்க" என்றாள். இப்போது எங்கள் அலுவலகத்தில் ஆறடி உயரத்து டச்சுக்காரர்கள் காபி குடித்துக்கொண்டே, "அந்தப் படத்தில் முள் இருக்கிறதா?" என்று பேசிக்கொள்கிறார்கள். ழகரம் இல்லாத சொல்லாகப் பார்த்துக் கொடுத்தாள் மகராசி.

7

இந்த வருடம் இங்கே நடந்த கருத்தரங்கில் பேச அவளை அழைத்தோம். விசா விண்ணப்பத்தை அருப்புக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் நிரப்பியிருக்கிறாள். கடைக்காரர் தட்டிக்கொண்டே போய், தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று போட்டுவிட்டார்.

"நான் எப்பண்ணே வீட்ல இருந்தேன்? தெனம் ஒங்க கடையத் தாண்டித்தான வேலைக்குப் போறேன்" என்றிருக்கிறாள்.

"பொம்பளைகளுக்கு அப்படித்தாம்மா போடுறது. சீக்கிரம் கெடைக்கும்."

"சீக்கிரம் கெடைக்காட்டியும் பரவால்ல. மாத்துங்க." அறிக்கையை எடுத்து அவர் முன்னால் வைத்து, தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தாளாம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, அந்த இடத்தை அழித்து, தரவு ஆராய்ச்சியாளர் என்று திருத்தினாராம். போனில் இதை அவள் சொன்னபோது எனக்கு என் பழைய அட்டை ஞாபகம் வந்தது. அன்றைக்கு நானும் மாத்துங்க என்று சொல்லியிருக்கலாம்.

முந்தாநாள் மேடையில் அவள் தமிழில் பேசினாள், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மாம்பழ நிறப் பட்டுச் சேலைக்கு மேல் என் கம்பளிக் கோட்டு. முதல் இரண்டு நிமிடம் கையிலிருந்த தாளைப் பார்த்தே படித்தாள். ஒன்பது படங்களையும் திரையில் போட்டதும் சிமெண்டுக் கடை மாடியில் நிற்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு படமாகக் காட்டி, இது விதைத்ததா இல்லையா என்று சபையைக் கேட்டாள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இல்லை என்று தலையாட்டினார்கள். அவள் முள்ளைக் காட்டினாள். மூன்றாவது படத்தில் பாதிப் பேர் தலையாட்டுவதை நிறுத்தினார்கள். ஆறாவதில், "முள், முள்" என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது.

கென்யாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். எங்கள் ஊரிலும் ஆட்டுக்கு முள் வைப்போம், எங்கள் படங்களைக் குறிக்கிறவர்களிடம் இதுவரை நாங்கள் ஒன்றும் கேட்டதில்லை, போனதும் கேட்கப்போகிறேன் என்றாள். கைதட்டல் அடங்கவில்லை. கடைசியாகத் தலைவர், தொழில்நுட்பக் கேள்விகளுக்கு யார் பதில் சொல்வீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் செல்வராணி பக்கம் கையைக் காட்டினேன். அவள் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

இனியா அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கூப்பிடவில்லை, அவளே வருகிறேன் என்றாள். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, எனக்கும் முள் பாக்கச் சொல்லித் தருவியா?" என்று கேட்டாள். செல்வராணி சித்தியைக் கேள் என்றேன். டிராமில் வீடு வந்து சேரும் வரை இருவரும் போனில் தலை கவிழ்ந்து படம் பார்த்தார்கள்.

8

நேற்று கேக்கைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனோம். பெரிய கேக், இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். வெளியே வழக்கம் போல மழை. "இந்த மழையில பாதி நம்ம பக்கம் பெஞ்சா போதும்" என்று வழி முழுக்க அங்கலாய்த்துக்கொண்டே வந்தாள்.

ஊரில் இருக்கிற ஆறு பேரையும் காணொளியில் கூப்பிட்டோம். சிமெண்டுக் கடை மாடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். செல்வராணி போனைக் கேக்குக்கு மேலே பிடித்து ஒவ்வொரு பெயராகக் காட்டினாள். முத்துலட்சுமி தன் பெயரைப் பார்த்துவிட்டு மகனைத் தூக்கிக் காட்டினாள். மார்த்தென் கத்தியை எடுத்தார். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் நின்றார்.

"இருங்க" என்றாள் செல்வராணி. "அக்கா, மொதல்ல ஒங்க பரீட்சை."

புதிய விதி அது. அவள் போட்டதுதான். இந்தப் படங்களில் கை வைக்கிற யாராக இருந்தாலும் அவளுடைய பத்துப் படத்தைக் குறித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் வேலை வேலை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அலுவலகமே வெறும் தட்டோடு சுற்றி நிற்க, என் மேசையில் நான் உட்கார்ந்தேன். உண்மையாகவே பயமாக இருந்தது. ஒவ்வொரு படத்திலும் பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தைத் தேடினேன். குறித்தேன். பத்தும் முடித்து எழுந்தேன்.

செல்வராணி என் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். மதிப்பெண்ணைப் போடுவதற்கு முன் திரையைக் கூர்ந்து பார்த்தாள். குறித்தவர் என்ற கட்டத்தில் கருப்பையா என்று தானாகவே வந்து விழுந்திருந்தது.

"இது ஒங்க அப்பா பேருல்ல?"

"ஆமா. இங்க அப்படித்தான் வரும். ஒம்பது காகிதம் குடுக்கணும் மாத்துறதுக்கு."

"பத்துப் படத்தையும் பாத்தது அவுகளா, நீங்களா?"

விடைத்தாளுக்குப் பொறுப்பு அவள். அந்தக் கட்டத்தைத் திருத்துகிற அதிகாரம் அவளுக்கு இருந்தது. ஒரு காகிதமும் கேட்காமல் அழித்தாள். தட்டச்சு செய்தாள். பிறகு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திரையைத் திருப்பினாள்.

குறித்தவர்: மாரீஸ்வரி. பத்துக்கு ஒன்பது. சரிபார்த்தவர்: செல்வராணி.